குழாய்க்குள் ஒலித்த மணி

செம்மொழி ஓடினாள்.

வாய்க்கால் கரை வழுக்கியது. ஒரு செருப்பு சேற்றில் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது. "அப்ப இங்கேயே கிட!" என்று அதைத் திட்டிவிட்டு, ஒற்றைச் செருப்போடு ஓடினாள். பள்ளிக்கூட மணி அடிக்கும் இரும்புக் கம்பி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அதை வைத்துவிட்டு வரக்கூட நேரமில்லை.

"செழியா! டேய் செழியா!"

பதில் வரவில்லை. வராது என்று அவளுக்கும் தெரியும். செழியன் பேசமாட்டான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியும் பார்க்கமாட்டான். ஆனாலும் கூப்பிடாமல் எப்படித் தேடுவது?

ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். எல்லா வாய்க்காலும் கரை தொட்டு ஓடியது. அதுதான் பயம்.

பாதையின் குறுக்கே, வயலுக்குத் தண்ணீர் பிரிந்து போகும் ஒரு கன்னி வாய்க்கால் வந்தது. செம்மொழி நின்றாள். கம்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். முன்னால் விழுந்த பின்னலைத் தூக்கித் தோளுக்குப் பின்னே எறிந்தாள். உள்ளங்கைகளைப் பாவாடையில் துடைத்தாள். கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு ஒரே தாவு!

அந்தக் கரையில் விழுந்து எழுந்து பார்த்தாள். இரண்டு பக்கமும் நடவுக்குத் தயாராக இருந்த வயல்கள். தண்ணீர் நிறைய நின்றதால் வானம் இறங்கி வந்து வயலுக்குள் படுத்திருந்தது. ஒரு கொக்கு மேகத்தின் மேல் நடந்து போனது.

வேறு நாளாக இருந்தால் செம்மொழி அங்கேயே நின்று வேடிக்கை பார்த்திருப்பாள். இன்று முடியாது.

இன்றுதான் ஷோபனா டீச்சர் வருகிறார்கள். வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர். செழியனைப் போன்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க, செவ்வாயும் வெள்ளியும் ஸ்கூட்டியில் தாமரைவெளிக்கு வருவார்கள். ஆனால் இன்று பாடம் சொல்ல வரவில்லை. செழியன் இனிமேல் எங்கே படிப்பது என்று முடிவு செய்ய வருகிறார்கள்.

காரணம் ஊருக்கே தெரியும். செழியன் பள்ளிக்கூடத்தில் இருப்பதே இல்லை. இடைவேளை மணி அடிக்கப் போகிற நேரத்தில், புகை மாதிரி மறைந்துவிடுவான். போன வருடம் இப்படி இல்லை. இந்த வருடம்தான் இந்தக் கூத்து.

"வாத்துக் கூட்டத்தைப் பார்க்கப் போறான்" என்றார்கள் சிலர். வாத்துக்காரர்கள் வாத்துகளை ஓட்டிக்கொண்டு வேறு ஊர் போய்விட்டார்கள். செழியன் ஓடுவது நிற்கவில்லை.

"தண்ணி மேல ஆசை" என்றார்கள் சிலர். தண்ணீர் வருவதற்கு முன்பே அவன் ஓடிக்கொண்டுதான் இருந்தான்.

செம்மொழி ஐந்தாம் வகுப்பு. செழியன் நான்காம் வகுப்பு. இரண்டு வகுப்புக்கும் ஒரே அறை. இரண்டு வீட்டுக்கும் ஒரே வேலி. அவன் இல்லாத பள்ளிக்கூடத்தை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அப்போது அவள் கண்ணில் பட்டது அது.

கரையோரம் பெரிய பெரிய சிமெண்டுக் குழாய்கள் கிடந்தன. பாலம் கட்டுவதற்காக வந்தவை. குழாய்கள் வந்து ஒரு வருடம் ஆயிற்று. பாலத்தை மட்டும் காணோம். அதில் ஒரு குழாயின் வாயில், சேறு படிந்த இரண்டு பாதங்கள் தெரிந்தன.

செம்மொழிக்கு மூச்சு திரும்பி வந்தது.

"இங்கதான் இருக்கியா? உன்னை..."

பிடித்து இழுக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். போன மாதம் அவள் வகுப்பில் படிக்கும் சூர்யபிரகாஷ் அப்படித்தான் இழுத்தான். செழியன் ஓவென்று அலறி, தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொண்டான். அந்தப் பல் தடம் இன்னும் மறையவில்லை.

'இழுத்தா வரமாட்டான். சரி, இவன் என்னதான் பண்றான்னு பார்ப்போம்.'

குனிந்து குழாய்க்குள் நுழைந்தாள். இரும்புக் கம்பி சிமெண்டில் உரசியது.

'க்ரீச்!'

செழியன் முகத்தைச் சுளித்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். செம்மொழி சட்டென்று கம்பியை வெளியே புல்லின் மேல் வைத்தாள். அவன் கைகள் மெல்ல இறங்கின.

அவனுக்குப் பக்கத்தில் அவளும் மல்லாந்து படுத்தாள்.

குழாய் குளிர்ந்து கிடந்தது. மறுமுனையில் ஓடிய வாய்க்காலின் வெளிச்சம் உள்ளே வந்து, வளைந்த கூரையில் நீந்தியது. நூறு தங்க மீன்கள் தலைக்கு மேலே போவது போலவும் வருவது போலவும் இருந்தது. நாற்று வாசனை வந்தது. அவள் விட்ட மூச்சு கூரையில் பட்டு, வேறு யாரோ விட்ட மூச்சு போலத் திரும்பி வந்தது. எங்கோ நடவு வயலில் பெண்கள் பேசிச் சிரிக்கும் சத்தம், போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல மெத்தென்று வந்து சேர்ந்தது.

"நல்லாத்தான்டா இருக்கு" என்றாள் செம்மொழி. 'இருக்கு... இருக்கு...' என்றது குழாய்.

செழியன் கூரை மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அது கேட்டது.

'ணோம்... ணோம்... ணோம்...'

தண்ணீர் நிறைந்த வெண்கலக் குடத்தை விரல் நுனியால் தட்டினால் வருமே, அந்த மாதிரி ஓர் ஓசை. மெதுவாக மிதந்து வந்து, குழாயை ஒரு சுற்றுச் சுற்றி, காதுக்குள் வந்து உட்கார்ந்தது. செழியன் ஒரு விரலைத் தூக்கினான். ஒவ்வொரு 'ணோ'முக்கும் அந்த விரல் இறங்கி ஏறியது. உதட்டோரம் சிரிப்பு.

'இது என்ன சத்தம்? கோயில் மணியா?'

அடுத்த நொடி செம்மொழி எழுந்து உட்கார்ந்தாள். தலை கூரையில் 'டொக்'கென்று இடித்தது.

அது பள்ளிக்கூட மணி! இடைவேளை முடிந்துவிட்டது. அவளும் கம்பியும் இல்லாததால் சூர்யபிரகாஷ் ஏதோ கல்லால் அடிக்கிறான். இத்தனை நாளும் அந்த மணியை அவள் அடித்திருக்கிறாளே தவிர, தூரத்தில் இருந்து கேட்டதே இல்லை.

தலையைத் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

போன வருடம் வரை பள்ளியில் கரண்ட் மணிதான். தலைமை ஆசிரியர் அறையில் 'கிர்ர்' என்று சின்னதாக அடிக்கும். கோடையில் இடி விழுந்து அது பொசுங்கிப் போனது. அப்புறம்தான் பூவரச மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். செம்மொழி மணி லீடர் ஆனாள். இரண்டாம் வகுப்பில் இருந்தே அவளுக்கு அந்த ஆசை.

அவள் அடிக்கும் அடி நடவு வயல் வரைக்கும் கேட்க வேண்டும். அப்படி அடிக்கச் சொன்னதே செழியனின் அம்மா, அம்சம் அத்தைதான்.

"இன்னும் கொஞ்சம் ஓங்கி அடிடி தங்கம். வயக்காட்டுல காதுல விழமாட்டேங்குது. உன் மணியை வச்சுத்தான் நாங்க கஞ்சி குடிக்கக் கரை ஏறுறோம்."

அன்றிலிருந்து செம்மொழி தன் பலத்தையெல்லாம் திரட்டி அடித்தாள்.

அந்தப் பூவரச மரம் இருப்பது வகுப்பறைச் சன்னலுக்கு நேர் வெளியே. அந்தச் சன்னலுக்கு அடியில் உட்கார்ந்திருப்பது செழியன். 'அவனுக்கு வேடிக்கை பார்க்கப் பிடிக்கும்' என்று, தலைமை ஆசிரியர் மதிவாணன் சார்தான் அன்போடு அந்த இடத்தைக் கொடுத்தார்.

இன்னொன்றும் இருந்தது. போன வெள்ளிக்கிழமை காற்றில் கயிறு அறுந்து தண்டவாளம் விழுந்துவிட்டது. அன்று முழுவதும் மணி இல்லை. அன்று செழியன் எங்கேயும் போகவே இல்லை!

செம்மொழி செழியன் பக்கம் திரும்பினாள்.

"நான் அடிக்கிறதுதான் வலிக்குதாடா உனக்கு?"

 கூரையில் மீன்கள் நீந்தின.

"வா, சார்கிட்ட சொல்லுவோம்" என்று வெளியே வந்து கம்பியை எடுத்துக்கொண்டாள். கை நீட்டினால் பிடிக்கமாட்டான். என்ன செய்வது? வாயைக் குவித்து, மெல்ல, "ணோம்... ணோம்..." என்றாள்.

செழியன் தவழ்ந்து வெளியே வந்தான். அவள் முன்னால் நடந்தாள். அவன் அவளுடைய பின்னலின் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தான். இருவரும் வானத்துக்கு நடுவே வரப்பில் நடந்தார்கள்.

பள்ளி வாசலில் ஸ்கூட்டி நின்றது. ஷோபனா டீச்சர் வந்துவிட்டார்கள்! தாழ்வாரத்தில் மூன்று நாற்காலிகள். அம்சம் அத்தை நடவிலிருந்து நேராக வந்திருந்தார். முழங்கால் வரை சேறு. நாற்காலி அழுக்காகிவிடும் என்று உட்காராமல் நின்றார்.

"எங்க போயிருந்தான்?" மதிவாணன் சார் எழுந்தே விட்டார். "தண்ணி ஓடுற வாய்க்காலும்மா. எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

அம்சம் அத்தை மகனின் தலையைத் தொடாமல், சட்டைக் காலரை மட்டும் சரிசெய்தார்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர். என்னதான் வழி?"

"வழி இருக்கும்மா, ஒண்ணுக்கு நாலா இருக்கு" என்றார் ஷோபனா டீச்சர். "எங்க மையத்துல பகல் நேர வகுப்பு இருக்கு. காலையில வேன் வந்து கூட்டிட்டுப் போகும், சாயங்காலம் கொண்டாந்து விடும். மேலத்தெரு ஹம்தான் அங்கதான் வர்றான். வேன் ஹாரனை அவன் அடிச்சாத்தான் வண்டியே கிளம்பும், அவ்வளவு குஷி. தஞ்சாவூர்ல தங்கிப் படிக்கிற சிறப்புப் பள்ளி இருக்கு. இல்லைன்னா, வீட்டுலயே இருக்கட்டும், வாரம் ஒரு தடவை நான் வந்து சொல்லித்தர்றேன். இல்ல, இங்கேயே எல்லாரோடயும் படிக்கலாம், இப்ப வர்ற மாதிரி நான் வந்துட்டுப் போறேன். இதுல உசத்தி தாழ்த்தி கிடையாதும்மா. அவனுக்கு எது பொருந்துதோ அதுதான்."

"எனக்கு அவன் பிள்ளைங்களோட இருக்கணும்னுதான் ஆசை" என்றார் அம்சம் அத்தை. "ஆனா அவனுக்கு அந்த ஆசை இருக்கான்னு தெரியலயே."

"பிள்ளைங்க யாரையாவது கவனிக்கிறானா? யார் பக்கமாவது பார்ப்பானா?"

"எங்க டீச்சர்... என்னையே எப்பவாவதுதான் பார்ப்பான். யாரையும் பார்க்கமாட்டான்."

மதிவாணன் சார் தொண்டையைச் செருமினார். "அப்ப வீட்டுலயே இருக்கட்டும். தண்ணி வத்துற வரைக்குமாவது. அதுதான் நல்லது."

"சார்! மணிதான் சார்!"

எல்லோரும் திரும்பினார்கள். செம்மொழி கம்பியைத் தூக்கிக் காட்டினாள். குழாய், சன்னல், அறுந்த கயிறு, வெண்கலக் குடம் என்று மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாள்.

அம்சம் அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ! ஓங்கி அடின்னு நான்ல சொன்னேன்!"

"சத்தம் சில பிள்ளைங்களுக்கு அடி விழுந்த மாதிரி வலிக்கும்" என்றார் ஷோபனா டீச்சர். "நான் வர்றதுக்குள்ள இடைவேளை முடிஞ்சிடும், மதிய மணிக்கு முன்னாடியே கிளம்பிடுவேன். இந்த மணியை நான் ஒருநாள்கூடக் கேட்டதில்லையே!"

மதிவாணன் சார் மட்டும் தலையாட்டவில்லை. "எல்லாம் சரிதாம்மா. ஆனா அவன் மணி அடிச்சப்புறம் ஓடலயே! அடிக்கிறதுக்கு முன்னாடியே போயிடுறானே! கடிகாரம் என் ரூமுக்குள்ள இருக்கு. அவனுக்கு எப்படி முன்கூட்டியே தெரியும்?"

செம்மொழி கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மெத்துன்னு அடிச்சுப் பார்ப்போம் சார்" என்றாள். "மதிய மணிக்கு நேரமாச்சுல்ல? கம்பியில எதையாவது சுத்தினா..."

கூட்டத்தின் பின்னாலிருந்து சூர்யபிரகாஷ் வந்தான். தயங்கித் தயங்கிக் கால்சட்டைப் பையிலிருந்து சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை எடுத்தான். "இது... கல்லு விடுற கவட்டைக்கு வச்சிருந்தேன் சார்."

"கவட்டை வேறயா? உன்னை அப்புறம் கவனிச்சுக்கிறேன்."

கம்பியின் தலையில் டியூப்பை இறுக்கிக் கட்டினார்கள். செழியன் சன்னலோரம் தன் இடத்தில் போய் உட்கார்ந்தான். பெரியவர்கள் தாழ்வாரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

செம்மொழி பூவரச மரத்தடிக்குப் போனாள். பின்னலைப் பின்னால் எறிந்தாள். கைகளைத் துடைத்தாள். கம்பியைத் தூக்கினாள்.

"செழியா!" என்று அம்சம் அத்தையின் குரல்.

செழியன் எழுந்துவிட்டான். வாசலைத் தாண்டிவிட்டான். கேட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்!

"பார்த்தியா?" என்றார் மதிவாணன் சார் வருத்தத்தோடு. "நீ இன்னும் அடிக்கவே இல்ல."

அம்சம் அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "விடுங்க சார். வீட்டுலயே இருக்கட்டும்."

செம்மொழி பாய்ந்து ஓடினாள். கேட்டுக்கு முன்னால் போய், அவன் வழியில் நின்றாள். இழுக்கவில்லை. தொடவும் இல்லை. கையிலிருந்த கம்பியைப் பார்த்தாள். இரண்டாம் வகுப்பிலிருந்து காத்திருந்து கிடைத்த கம்பி.

அதை அவனிடம் நீட்டினாள்.

"நான் அடிக்கல. நீயே அடி. உனக்கு எவ்வளவு மெதுவா வேணுமோ, அவ்வளவு மெதுவா அடி."

செழியன் நின்றான். டியூப் சுற்றிய தலையைக் கட்டைவிரலால் அமுக்கினான். முகர்ந்து பார்த்தான். இன்னொரு தடவை அமுக்கினான். பிறகு கம்பியை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தான்.

பூவரச மரத்தடியில் போய் நின்றான். ஒரு மஞ்சள் பூ அவன் தோளைத் தொட்டுவிட்டு விழுந்தது. பள்ளிக்கூடம் முழுவதும் தூங்குவது போல அமைதியாக இருந்தது.

செழியன் கம்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

தன் தோளில் இல்லாத எதையோ தூக்கி, பின்னால் எறிந்தான்.

இரண்டு உள்ளங்கைகளையும் கால்சட்டையில் துடைத்தான்.

கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டான்.

"டேய்!" சூர்யபிரகாஷ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "அது செம்மொழிடா!"

'ணோம்...'

குழாய்க்குள் கேட்ட அதே ஓசை. தண்டவாளத்திலிருந்து மெல்லப் புறப்பட்டு, இலைகளுக்குள் புகுந்து, வயல்களுக்கு மேலே மிதந்து போனது. செழியன் காதைப் பொத்தவில்லை. தலையைச் சாய்த்து அது போய் முடிகிற வரை கேட்டான். பிறகு இன்னொன்று அடித்தான். அப்புறம் இன்னொன்று.

"இது வயக்காட்டுக்குக் கேட்காதே அத்தை" என்றாள் செம்மொழி கவலையாக. "கஞ்சிக்கு எப்படி ஏறுவீங்க?"

அம்சம் அத்தைக்குக் கண்ணில் நீரும் வாயில் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "எங்க வயித்துக்குள்ளயே ஒரு மணி இருக்குடி. அது தவறாம அடிக்கும். இங்க நீங்க மெதுவாவே அடிங்க."

செழியன் கம்பியைச் செம்மொழியிடம் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றான். எல்லோரையும் போல.

"என்னம்மா எழுதட்டும்?" என்று கேட்டார் ஷோபனா டீச்சர்.

"இங்கேயே படிக்கட்டும்னு எழுதுங்க டீச்சர்."

"செவ்வாயும் வெள்ளியும் நான் வர்றேன். பின்னாடி வேற ஏதாவது தேவைப்பட்டா, அப்பவும் உட்கார்ந்து பேசுவோம்."

மதிவாணன் சார் பூவரச மரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "ரெண்டு மணி லீடர் இருந்தா தப்பில்ல" என்று மட்டும் சொன்னார்.

செம்மொழி சூர்யபிரகாஷின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அவன் செஞ்சானே, பின்னல், கை, கன்னம்... நான் எப்பவும் அப்படியா செய்வேன்?"

"தினமும் செய்வ. உனக்கே தெரியாதா?"

"சத்தியமா தெரியாதுடா!"

அவளுக்குத் தெரியாது. மதிவாணன் சாருக்கும் தெரியாது. கடிகாரம் பார்க்காமல், மணி அடிக்கப் போவது செழியனுக்கு எப்படித் தெரிந்தது என்பதை, வரிசையில் தட்டோடு நின்ற அவனை எட்டிப் பார்த்தபோதுதான் செம்மொழி புரிந்துகொண்டாள்.

யாரையும் பார்க்கமாட்டான் என்று எல்லோரும் சொன்ன செழியன், ஒவ்வொரு நாளும் அந்தச் சன்னல் வழியே அவளைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான்.